பொங்கலிலேயே நின்றுபோன பக்கம்

கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு கடை இருக்கிறது. ஜெராக்ஸ், ரீசார்ஜ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று போர்டில் இடமில்லாமல் எழுதியிருக்கும். உள்ளே இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதை யாரும் அணைத்து நான் பார்த்ததில்லை. கடையை நடத்தும் அக்கா, ஷட்டரை இறக்குவதற்கு முன் திரையை மட்டும் இருட்டாக்கி அதன்மேல் ஒரு பழைய துண்டைப் போர்த்திவிட்டுப் போவார். திரைக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'லாக் அவுட் செய்யாதீர்கள்.'

அதற்குக் காரணம் உண்டு. அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தங்கள் பாஸ்வேர்டு தெரியாது. விண்ணப்பம் போடும்போது அக்காவே ஏதோ ஒன்றை வைப்பார். 'நினைவில் வைக்கட்டுமா' என்று பிரவுசர் கேட்கும். சரி என்று தட்டுவார். அதோடு அக்காவும் அதை மறந்துவிடுவார். அடுத்த முறை போனால் நம் பெயரின் முதல் எழுத்தைத் தட்டுவார். பெயர் முழுதாக வரும், அதன் கீழே கறுப்புப் புள்ளிகள் தாமாக வந்து நிற்கும். என் பாஸ்வேர்டு என்னவென்று ஒருமுறை கேட்டேன்.

"அதான் கீதே, புள்ளி புள்ளியா. அத்தத் தெரிஞ்சிகினு இன்னா பண்ணப் போற? எங்கிட்ட பத்திரமா கீது, போ."

எனக்கு அந்தக் கடையில் வேலை ஒன்றுதான். என் டிரைவிங் லைசென்ஸ் நெல்லூர் விலாசத்தில் இருந்தது. அதை இப்போது குடியிருக்கும் பாரிவாக்கத்துக்கு மாற்றப் போட்ட விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும்.

நெல்லூர் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் பாதியில் பள்ளியை விட்டு லாரியில் கிளீனராக ஏறினேன். அதன்பிறகு எந்த ஊரிலும் வேர் பிடிக்கவில்லை. திருப்பூரில் சாயப்பட்டறை, விஜயவாடாவில் ஒரு நெட் சென்டரில் பெருக்கித் துடைத்து அங்கேயே படுக்கை, பிறகு நெல்லூர் லாரி ஷெட். அந்த ஷெட்டில் மஞ்சள் காமாலை வந்து தகரக் கூரைக்குக் கீழே கிடந்தேன். கூட இருந்தவர்கள் கஞ்சி ஊற்றினார்கள், எழுந்துவிட்டேன். கனரக லைசென்ஸ் எடுத்தது அங்கேதான். ஒவ்வொரு ஊரை விட்டுக் கிளம்பும்போதும் பாய், தட்டு, பழைய செருப்பு எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு வருவேன். சிம் கார்டையும்தான். ரோட்டோரக் குடைக்குக் கீழே உட்கார்ந்து விற்பவர்களிடம் ஆஃபரில் புதிது கிடைக்கும்போது பழையது எதற்கு என்பது என் கணக்கு.

கல்யாணத்துக்குப் பிறகும் அதே கதைதான். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று வீடு மாற்றிக்கொண்டே இருந்தோம். என் மனைவி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நான் எந்த ஊருக்கு வீட்டைத் தூக்கினாலும் அவள் அதே கம்பெனிக்குப் பஸ் மாறி மாறிப் போனாள். பாரிவாக்கத்தில் மளிகைக் கடைக்கு மேலே ஒரு ரூம் கிடைத்தபோது, சாமான்களை இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்க நின்றுகொண்டு சொன்னாள்:

"இத்தோட சரி. இதுக்கு மேல நான் எங்கியும் வர்றதா இல்ல. நீ போறதுன்னா போய்க்கோ."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் பூந்தமல்லியில் கம்பெனிகளுக்கு ஸ்டாஃப் பஸ் விடும் ஒரு முதலாளியைப் பிடித்தேன். அவருடைய டிரைவர் ஒருவருக்குக் கண்ணில் ஆபரேஷன், இனி ஓட்ட முடியாது. காலையில் அம்பத்தூர் எஸ்டேட், சாயங்காலம் திரும்பி வருவது. ராத்திரி வீட்டில் தூக்கம். எனக்கு அப்படி ஒரு வேலை வாழ்க்கையில் அமைந்ததே இல்லை. முதலாளி என் லைசென்ஸை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நெல்லூரா? கம்பெனிக்காரன் ஒத்துக்க மாட்டான் நைனா. லோக்கல் அட்ரஸ் கேப்பான். மாத்திகினு வா, வண்டி உன்னுது. சித்திரை பொறக்கறதுக்குள்ள வா. அதுக்கு அப்பால வேற ஆளப் போட்டுடுவேன், கோச்சிக்கக் கூடாது."

பொங்கலுக்கு முன்பே அக்காவின் கடையில் விண்ணப்பம் போட்டாயிற்று. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்ப் போட்டோ பிடித்து, பழைய அட்டையைக் காட்டி வந்தேன். அதன்பிறகு காத்திருப்பதுதான் வேலை. கிடைத்த நாளில் லோடு ஆட்டோ ஓட்டினேன், மற்ற நாட்களில் மூட்டை இறக்கினேன். வழியில் அக்காவின் கடைக்குள் நுழைவேன். அக்கா என் பக்கத்தைத் திறப்பார். நடுவில் ஒரு வரி இருக்கும்: அலுவலக ஒப்புதலுக்காக நிலுவையில் உள்ளது. அதைப் படித்துவிட்டு வெளியே வருவேன். தை போயிற்று, மாசி போயிற்று. அந்த வரி அசையவில்லை.

ஒருநாள் அந்த அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் நல்ல மனிதர். எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "முடிஞ்சிருச்சுங்க, நெட்ல வந்திருக்கும் பாருங்க, பிரின்ட் எடுத்துக்கலாம்" என்றார். அங்கிருந்து நேராகக் கரையான்சாவடி வந்தேன். திரையில் நிலுவை என்றே இருந்தது. கூட்டத்தைக் கலைக்க அவர் சொன்ன பொய் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆள் பொய் சொல்வான், கம்ப்யூட்டர் சொல்லாது என்று எப்படித்தான் அவ்வளவு உறுதியாக நம்பினேனோ தெரியவில்லை.

ஒருமுறை அக்காவிடம் ரெஃப்ரெஷ் செய்யச் சொன்னேன். கையை மவுசிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

"அத்த அமுக்குனா வெளிய தள்ளிடும். உள்ள வரணும்னா போனுக்கு ஓடிபி அனுப்பறேன்னுவான். எந்த போனுக்கு? நீ சிம்ம தூக்கிப் போட்ட நம்பருக்கா? கெடைக்கறதக்கூட கெடுத்துக்காத நைனா."

அவர் சொன்னது சரிதான். விண்ணப்பத்தில் கொடுத்த நம்பர் அப்போது என்னிடம் இல்லை.

பங்குனி முடியப் போகும் நேரத்தில் ஓசூரிலிருந்து ஒரு பழைய கூட்டாளி கூப்பிட்டான். "வா மச்சான், இங்க டிப்பர் கீது. லைசென்ஸ் எந்த ஊருன்னு எவனும் கேக்க மாட்டான்." மனது உடனே அந்தப் பக்கம் சாய்ந்தது. உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் ஒரு குஷிகூட. எனக்கு அப்படித்தான். ஒரு இடத்தில் காரியம் ஆகவில்லை என்றால் கால் தானாகக் கிளம்பிவிடும்.

மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"லைசென்ஸ் வர்ற மாதிரி தெர்ல. கொஞ்ச நாள் ஓசூர்ல இருந்துட்டு..."

"போய்ட்டு வா."

"நீயும் வந்தா..."

"பை பரண் மேல கீது. எடுத்துக் குடுக்கணுமா? எத்தினி தபா எடுத்துக் குடுத்துகீறேன், இன்னிக்கு நீயே எடு." களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நான் இங்கதான் இருப்பேன். நீ வந்தா கதவு தொறப்பேன். ஆனா பாதி நாள் பூட்டிதான் இருக்கும், வேலைக்குப் போய்டுவேன்ல."

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு பையை எடுத்தேன். இரண்டு சட்டை, லுங்கி, துண்டு. கதவைப் பூட்டும்போது இந்தத் தடவை எதை விட்டுவிட்டுப் போகிறேன் என்று நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் பூட்டினேன்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் அக்காவின் கடை. பார்க்காமல் போக மனசு வரவில்லை.

கடையில் ஒரு ரிட்டயர்டு சார் உட்கார்ந்திருந்தார். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பாரிவாக்கத்தில் வீடு கட்டி வந்தவர். திருநெல்வேலிப் பக்கம். எது கண்ணில் பட்டாலும் சத்தமாகப் படிக்கும் பழக்கம் அவருக்கு. பஸ் போர்டு, ரேஷன் பை, லேமினேஷன் கவர் எதையும் விட மாட்டார். அவருடைய பென்ஷன் வேலை முடியும் முன்பே அக்கா என் பையைப் பார்த்துவிட்டார்.

"இன்னா நைனா, மூட்டை கட்டிட்டியா?"

"ஒரே ஒருவாட்டி பாத்துருங்கக்கா. பாத்துட்டுக் கிளம்பறேன்."

திறந்தார். அதே பக்கம். என் கண் நேராக நடுவில் உள்ள அந்த வரிக்குப் போயிற்று. நிலுவை. நான் பையைத் தோளில் மாட்டினேன். சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பக்கத்தின் உச்சியில் சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்ததைப் படிக்க ஆரம்பித்தார்.

"பொங்கல் திருநாளை முன்னிட்டு அலுவலகத்துக்கு விடுமுறை..." நிறுத்தினார். வாசலைப் பார்த்தார். வாசலில் ஒருவர் நுங்கு சீவிக்கொண்டிருந்தார். "ஏம்மா, வெளிய நுங்கு விக்கான். உன் கம்ப்யூட்டர்ல இன்னும் பொங்கலே முடியலயே?"

அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிவப்பு வரி எத்தனையோ முறை என் கண்ணெதிரே ஓடியிருக்கிறது. நான் அதைப் படித்ததே இல்லை. சட்டென்று விஜயவாடா நெட் சென்டர் ஞாபகம் வந்தது. அங்கே பையன்கள் பார்த்துவிட்டுப் போனதை எல்லாம் கடைக்காரர் தினமும் அழிப்பார், சில நாள் என்னை அழிக்கச் சொல்வார். பழைய பக்கங்களை பிரவுசர் தனக்குள் எடுத்து வைத்துக்கொள்ளும், சில சமயம் புதியதைக் கொண்டுவராமல் அதையே நீட்டும் என்று ஒரு வாடிக்கையாளரோடு அவர் சண்டை போட்டதைக் கேட்டிருக்கிறேன்.

"அக்கா, இது இன்னிக்கு பக்கம் இல்ல. பொங்கலப்போ பாத்தத எடுத்து வெச்சிகினு அத்தயே காட்டுது. அழிச்சிட்டா புதுசு வரும்."

"எத்த அழிக்கணும்?"

"உள்ள இருக்கறத. கன்ட்ரோலும் ஷிஃப்டும் புடிச்சிகினு டெலீட்ட அமுக்கணும். அங்க நானே பண்ணிகீறேன்."

அக்கா கீபோர்டைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். "ஊரே இதுக்குள்ள கீது! கேஸ் புக்கிங், பென்ஷன், காலேஜ் பீஸ், எல்லாம். அழிச்சிட்டு நீ பாட்டுக்கு பஸ் ஏறிடுவ. நாளைக்கு எல்லாம் என் கழுத்தப் புடிப்பாங்க. அழிச்சிட்டுக் கிளம்பறது உனக்குப் பழக்கம் நைனா. எனக்கு அது ஆகாது."

"நல்லாச் சொன்ன," என்றார் சார். "என் பென்ஷன் புள்ளியில ஒத்தப் புள்ளி கொறஞ்சாலும் நான் இங்கன பாயை விரிச்சிருவேன், கேட்டியா?"

நான் கெஞ்சினேன். அழிக்க வேண்டாம், டெலீட்டை அமுக்கினால் திரையில் வரும் பெட்டியைத் திறந்து என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கலாம் என்றேன். விஜயவாடாவில் நாங்கள் எதையும் படித்ததில்லை. பெட்டி வந்ததும் நீல பட்டனைத் தட்டி எல்லாவற்றையும் அழித்துவிடுவோம். எது எது போகும், எது இருக்கும் என்று எனக்கும் தெரியாது. அதையும் சொன்னேன். அக்கா என் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கீபோர்டை மேசையில் வைத்தார். வைத்த பிறகும் ஒரு கை அதன்மேலேயே இருந்தது.

பெட்டி திறந்தது. மூன்று கட்டங்கள், மூன்றிலும் டிக். சார் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னார். முதல் கட்டம் எங்கெங்கே போனோம் என்கிற வரலாறு. "அது கெடக்கட்டும்," என்று அக்கா டிக்கை எடுத்தார். இரண்டாவதை அழித்தால் பல தளங்களிலிருந்து வெளியே வந்துவிடுவோம் என்று எழுதியிருந்தது. சார் படித்து முடிப்பதற்குள் அக்கா டிக்கை எடுத்துவிட்டார். மூன்றாவது, சேமித்து வைத்த படங்களும் கோப்புகளும்.

"பாஸ்வேர்டு எங்க?" என்றார் அக்கா. "அது இல்லாம நான் அமுக்க மாட்டேன்."

பக்கத்தில் இன்னொரு தலைப்பு இருந்தது. அதைத் தட்டினால் பாஸ்வேர்டு என்று ஒரு கட்டம், டிக் இல்லாமல் காலியாக. அதைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்கு மூச்சு வந்தது. திரும்பி வந்து, மூன்றாவது கட்டத்தில் மட்டும் டிக் இருப்பதை விரலால் தொட்டுச் சரிபார்த்தார். "முருகா, ஊர் பாவம் எனக்கு வேணாம்" என்று சொல்லி பட்டனைத் தட்டினார்.

என் பக்கத்தை மறுபடி திறந்தார். பொங்கல் திருநாளை முன்னிட்டு அலுவலகத்துக்கு விடுமுறை. நடுவில் நிலுவை.

நான் தோளில் பையைச் சரி செய்துகொண்டேன். "பரவால்லக்கா. உங்களுக்கும் தொந்தரவு. நான் வரேன்."

படி இறங்கிவிட்டேன். நுங்குக்காரரைத் தாண்டும்போது சார் பின்னாலிருந்து கத்தினார். "வேய், நில்லும்! இங்க வாரும்!"

திரும்பிப் போனால், அக்கா அந்தப் பெட்டியை மறுபடி திறந்து வைத்திருந்தார். சார் திரையில் விரலை ஊன்றி நின்றார். "மேல பாரும். 'கடைசி ஒரு மணி நேரம்'னு போட்டிருக்கான். ஒரு மணி நேரத்துல சேத்ததத்தான் அழிச்சிருக்கு. பொங்கல் வந்து ஒரு மணி நேரமா ஆச்சு?"

மேலே படிக்க வேண்டியதை விட்டுவிட்டுக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். பக்கத்திலும் அதே தப்பு, பெட்டியிலும் அதே தப்பு. அக்கா அந்த இடத்தைத் தட்டினார். ஒரு நாள், ஒரு வாரம் என்று பட்டியல் இறங்கியது. கடைசியில் இருந்ததைச் சார் படித்தார்: "எல்லாக் காலமும்." அக்கா கட்டங்களை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டினார். இந்தத் தடவை அது சீக்கிரம் முடியவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. சேர்த்து வைத்தது அத்தனை போலிருக்கிறது.

பிறகு என் பக்கத்தைத் திறந்தார். பக்கம் வரவில்லை. பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டுக் காலிக் கட்டங்கள் வந்தன.

"போச்சு," என்றார் அக்கா. "வெளிய தள்ளிட்டான், புள்ளியும் போயிருக்கும். நான் சொன்னேன்ல."

"முதல் எழுத்தத் தட்டிப் பாருங்கக்கா."

தட்டினார். என் பெயர் வந்தது. அதன் கீழே கறுப்புப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. ஒன்றும் போகவில்லை. அக்கா தலையில் கை வைத்துச் சிரித்த சிரிப்பில் பாதி அழுகை இருந்தது. வளைந்து நெளிந்த எழுத்துகளைத் திரையில் காட்டி, அதைப் பார்த்து அடிக்கச் சொன்னது. அக்கா அடித்தார். ஓடிபி கேட்கவில்லை.

சார்தான் படித்தார். சிவப்பு எழுத்தில் இப்போது தமிழ்ப் புத்தாண்டு விடுமுறை ஓடியது. அதற்குக் கீழே: ஒப்புதல் அளிக்கப்பட்டது. அதற்கும் கீழே என் பெயர், அப்பா பெயர், மளிகைக் கடை சந்து, பாரிவாக்கம். ஒப்புதல் ஆனது மாசியிலேயே. கவுன்டரில் இருந்த அந்த மனிதர் சொன்னது அப்படியே உண்மை. நான் தினமும் கடைக்கு வந்து, முடிந்துபோன காரியத்துக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பையைத் தரையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். காமாலையில் படுத்து எழுந்த முதல் நாளும் இப்படித்தான் உட்கார்ந்தேன், ஆனால் அன்று மனசு இவ்வளவு லேசாக இல்லை. அக்கா வாசலைப் பார்த்து, "மூணு நுங்கு வெட்டுப்பா" என்று குரல் கொடுத்தார்.

பிரின்ட் வந்ததும் நான் கிளம்பினேன். அதற்குள் அக்கா அடுத்த வேலையில் இறங்கியிருந்தார். என் பக்கம் பழையது என்றால் மற்றவர்களுடையது? ஒவ்வொரு பெயராகத் திறந்து பார்த்து, ஆட்களுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார். "உன் கார்டு வந்து எத்தினியோ நாளாச்சு, இன்னா பண்ணிகினு கீற?" என்று யாரையோ திட்டுவது ரோடு வரை கேட்டது, இத்தனை நாளும் நிலுவை என்று சொல்லி அனுப்பியவர் அவரே அல்ல என்பது போல.

முதலாளி பிரின்ட்டை வாங்கி மேலோட்டமாகப் பார்த்தார். "காக்கி சட்டை கீதா? இல்லன்னா தெச்சிக்கோ. புத்தாண்டு முடிஞ்சி வண்டிய எடு." அவ்வளவுதான். நான் பதில் பேச்சு எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். எதுவும் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். பையிலிருந்து சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டேன். சாதம் வடித்து வைத்தேன். சாயங்காலம் மனைவி படியேறி வந்து கதவு திறந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"ஓசூர் இன்னா, அதுக்குள்ள முடிஞ்சி போச்சா?"

பிரின்ட்டைக் கொடுத்தேன். மெதுவாகப் படித்தாள். பாரிவாக்கம் என்ற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. எப்படி வந்தது என்று கேட்டாள். பொங்கல், நுங்கு, சாரின் விரல் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தாள். பிறகு, "மாசியிலயே வந்துடுச்சாமா, மாசியிலயே" என்று இரண்டு முறை சொன்னாள். அதில் பாதி திட்டும் இருந்தது.

"பஸ் எந்தப் பக்கம் போவும்?"

"எஸ்டேட். உன் கம்பெனி வாசல் வழியாதான்."

"அப்ப என்னை ஏத்திக்குவியா?"

"ஸ்டாஃப் மட்டும்தான். முதலாளி கோச்சிப்பாரு."

"போடா," என்றாள். அவள் அப்படிச் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது.

விண்ணப்பத்தில் இருந்த பழைய நம்பருக்குப் பதில், இப்போது என்னிடம் இருக்கும் நம்பரை அக்கா மாற்றிக் கொடுத்துவிட்டார். "இந்த நம்பரையாவது வெச்சிகினு இரு" என்றார். வைத்திருக்கிறேன். என் பாஸ்வேர்டு எனக்கு இன்னும் தெரியாது. கடையில் ஒட்டியிருந்த தாளில் மட்டும் கீழே ஒரு வரி கூடியிருக்கிறது: 'மேலே ஓடும் வரியையும் பார்க்கவும்.'

அந்தப் பை அன்று ராத்திரி தரையில்தான் கிடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி அதை எடுத்து, தலையணை செய்வதற்காகக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து சேர்த்த வெட்டுத் துணிகளை எல்லாம் அதற்குள் திணித்தாள். முழங்காலால் அழுத்தி அழுத்தித் திணித்தாள். ஜிப் பாதிக்கு மேல் ஏறவில்லை. அப்படியே தூக்கிப் பரண்மேல் போடச் சொன்னாள், போட்டேன்.